உடைந்த ரோமாபுரியின் பாதம்

எடின்பரோவில், லீத் வாக் சாலை தொடங்குகிற இடத்துக்கு அருகே, புனித மேரி பேராலயத்தின் முன்னால் ஒரு ராட்சத வெண்கலப் பாதம் கிடக்கிறது. பக்கத்திலேயே தனியாக ஒரு கை. எதுவார்தோ பாவ்லோட்ஸி 1991இல் செய்த ‘மோன்ட்டே கசினோவின் கையெழுத்துப் பிரதி’ இது. நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததுதான். இதைச் சிதறலின் சிற்பம், நவீனத்துவத் துண்டாடல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியும். எனக்கு அது போதவில்லை.

பாவ்லோட்ஸி 1924இல் லீத்தில் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்து ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு முசோலினி மேல் அபிமானம். கோடை விடுமுறையில் மகனை இத்தாலியில் பாசிஸ்டுகள் நடத்திய சிறுவர் முகாம்களுக்கு அனுப்பிவைத்தார். 1940 ஜூன் 10இல் இத்தாலி போரில் இறங்கியது. அன்றிரவே எடின்பரோவில் இத்தாலியர்களின் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அடுத்து வந்தது கைது.

நான் வேலையில் தினமும் மனிதர்களை வரிசைகளாகப் பிரிக்கும் நிரல் எழுதுகிறவன். அதனால் அந்த உத்தரவு எனக்கு நன்றாகவே புரிகிறது: ஆண், வயது 16 முதல் 70 வரை, பிரிட்டனில் வசித்தது 20 ஆண்டுகளுக்குக் குறைவு. போதாததற்கு, பாசிஸ்ட் சங்க உறுப்பினர்கள் என்று உளவுத்துறை தயாரித்த தனிப் பட்டியல். அந்த வடிகட்டியில் ‘இவன் யாருடைய அப்பா’ என்று ஒரு கட்டம் கிடையாது. பிரிட்டனிலேயே பிறந்த 16 வயதுப் பையனையும் விடவில்லை, சுமார் மூன்று மாதம் சிறையில் வைத்தார்கள்.

அப்பா, தாத்தா, மாமா மூவரையும் கனடாவுக்குப் போகும் ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலில் ஏற்றினார்கள். ஜூலை 2ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை மூழ்கடித்தது. இறந்த 800க்கும் மேற்பட்டவர்களில் 400க்கும் மேற்பட்டோர் இத்தாலியர்கள். இத்தாலியின் கூட்டாளியே இத்தாலியர்களைக் கொன்றது. மூவரும் திரும்பவில்லை. மூன்று வருடம் கழித்து பிரிட்டன் ராணுவம் பையனைக் கட்டாய சேவைக்கு எடுத்துக்கொண்டது. 1944 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் மோன்ட்டே கசினோ மடாலயத்தைத் தரைமட்டமாக்கின. குடும்பத்தின் சொந்த ஊரான விட்டிகூசோ அந்த மலைநாட்டில்தான் இருக்கிறது.

இப்போது அந்தப் பாதத்தை மறுபடி பாருங்கள். ரோமில் கான்ஸ்டன்டைன் பேரரசனின் பிரம்மாண்டச் சிலையில் மிஞ்சியவை தலை, கை, பாதம் என்று சில துண்டுகள்தான். பாவ்லோட்ஸியின் கையும் பாதமும் எனக்கு அதையே நினைவூட்டுகின்றன. பேரரசு ரோமைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றுதான் முசோலினி மார்தட்டினார். அப்பா மயங்கியதும் அந்தக் கனவில்தான். மகன் அதை உடைந்த நிலையில் வார்த்து, அப்பாவின் கடை இருந்த லீத்துக்குப் போகிற வழியில் வைத்திருக்கிறார். அதன்மேல் பொறித்திருப்பது வீரவசனம் அல்ல, அந்த மடாலயத்தோடு தொடர்புடைய பழைய லத்தீன் கவிதை.

இப்படி இழந்தவர்கள் எழுதும்போது வழக்கமாக ஒரு வாக்கியம் வரும்: “எங்கப்பா ஒண்ணும் தெரியாதவர், ஐஸ்கிரீம் வித்தவர்.” பாசத்தில் வருகிற பொய் அது, பாதிப் பொய். அப்பா செய்தது தவறு என்று கைகழுவுவது இன்னொரு சுலபம். பாவ்லோட்ஸி இரண்டையும் செய்யவில்லை. அப்பாவின் ரோமாபுரியை அவர் மன்னிக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. குழந்தைகள் ஏறி உட்கார முடிகிற உயரத்துக்கு அதை இறக்கி வைத்தார்.

ஒரு குறை சொல்லியே ஆகணும். இந்தச் சிற்பத்தில் கடல் இல்லை. மூழ்கிய கப்பல் இல்லை. விவரம் தெரியாமல் கடந்துபோகிறவருக்கு இது வெறும் பெரிய கால். 1986இல் ஸ்காட்லாந்துக்கான அரச சிற்பியாகவும் ஆனவர் அவர், அவரைச் சிறையில் வைத்த அரசை இந்தச் சிற்பம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இது பெருந்தன்மையா, பயத்தின் மிச்சமா? பெருந்தன்மை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் 16 வயதில் சிறைக்குப் போன பையன், அப்பாவைப் பற்றிச் சத்தமாகப் பேசக்கூடாது என்றும் அங்கேதான் கற்றிருப்பான் என்று தோன்றுகிறது.