டாஃப் திட்டம்: குறைந்த எடையும் கூடிய பாரமும்

மாணவர்களின் உடல் பருமனைக் குறைக்கப் பள்ளி என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதற்குச் சிங்கப்பூரின் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. சுருக்கமாக ‘டாஃப்’ என்று அழைக்கப்பட்ட இதைக் கல்வி அமைச்சு 1992-இல் தொடங்கி, 2007-இல் கைவிட்டது.

அதன் சாதனையை மறுக்க முடியாது. அதிக எடையுள்ள மாணவர்களின் விகிதம் 1992-இல் 14 விழுக்காடு, 2006-இல் 9.5 விழுக்காடு. வெறும் அறிவுரையோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் எண்ணெயில் பொரித்தவற்றுக்கும் சர்க்கரைப் பானங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. உடற்கல்வி வகுப்புக்கு மதிப்பு கூடியது. பிள்ளையின் உடல்நலத்தில் பள்ளிக்கும் பொறுப்புண்டு என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டதே பெரிய காரியம்.

பழுது, திட்டம் பிள்ளைகளை நடத்திய விதத்தில் இருந்தது. உயரத்துக்கேற்ற எடையைத் தாண்டியவர்கள் தனியே பிரிக்கப்பட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் நூடுல்ஸ் கடை முன் வரிசையில் நிற்பார்கள்; அதே நேரத்தில் பல பள்ளிகளில் இந்தப் பிள்ளைகள் எல்லார் கண்ணிலும் படும்படி திடலில் ஓடினார்கள், கயிறு தாண்டினார்கள். இவர்கள் சேர்க்கப்பட்ட ‘டாஃப் கிளப்’ என்பது கேலிப் பெயராயிற்று. ஆசையோடு ஓடியாட வேண்டிய வயதில் ஓட்டமே தண்டனையாக மனத்தில் பதிந்தால், பள்ளியை விட்டபின் அந்தப் பிள்ளை எதற்காக ஓடப்போகிறது?

இன்னொரு குறையும் உண்டு. மாணவர்களின் எடையையும் உடற்தகுதியையும் வைத்துப் பள்ளிகளுக்கு விருது கொடுத்தபோது, பள்ளியின் கவனம் பிள்ளையிடமிருந்து விழுக்காட்டுக்கு மாறுவது இயல்பு. பருவ வயதில் சிலர் முதலில் பருத்துப் பிறகே உயர்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு, பரம்பரை, தூக்கம் என்று எடைக்குக் காரணங்கள் பல. இவற்றில் எதையும் பத்து வயதுப் பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை. பழி மட்டும் அதன் தலையில் விழுந்தது.

டாஃபை ஆதரிப்பவர்கள் பிந்தைய கணக்கைக் காட்டலாம்: அதிக எடையுள்ள மாணவர்கள் 2017-இல் 13 விழுக்காடு, கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021-இல் 16 விழுக்காடு. கவலைப்பட வேண்டிய உயர்வுதான், கண்டிப்பும் தேவைதான். ஆனால் அந்தக் கண்டிப்பு கடையில் விற்கும் பண்டத்தின் மீது பாய வேண்டும், பிள்ளையின் மீதல்ல. 2011-இல் வந்த ஆரோக்கிய உணவுத் திட்டம் இந்த வழியில்தான் செல்கிறது: காய், பழம், முழுதானியம் சேர்ந்த சாப்பாடு, ஒல்லி பருமன் பாராமல் எல்லாருக்கும் ஒன்றே.

எடை பார்ப்பதானால் தனி அறையில் பார்க்கட்டும். முடிவைப் பெற்றோரிடம் மட்டும் சொல்லட்டும். ஓட வேண்டுமென்றால் வகுப்பு முழுதும் ஓடட்டும். இடைவேளை சாப்பிடவும் விளையாடவும் உள்ள நேரம். அதை எந்தப் பிள்ளையிடமிருந்தும் பறிக்கப் பள்ளிக்கு உரிமையில்லை.