நாணயமும் மதிப்பெண்ணும்: திருப்பூரின் கடன் வரலாற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

தமிழில் 'நாணயம்' எனும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். 'அவர் நாணயமான மனிதர்' என்று ஒரு வணிகரைப் பற்றிச் சொன்னால், அவரை நம்பிச் சரக்கைக் கொடுக்கலாம் என்றே கடைவீதி அதைப் புரிந்துகொள்ளும். பணத்தையும் நம்பிக்கையையும் ஒரே சொல்லால் குறித்து வந்த நாம், அந்நம்பிக்கையை அளக்கும் பொறுப்பை இன்று மூன்றிலக்க எண் ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறோம். கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவரும், பெற்ற அட்டையின் வரம்பை உயர்த்தக் கேட்டவரும், தையல் இயந்திரம் வாங்க வங்கிக்குச் சென்றவரும் அந்த எண்ணை அறிவர். அது உண்மையில் எதை அளக்கிறது என்பதைத் திருப்பூரை முன்வைத்து ஆராய முற்படுகிறோம்.

திருப்பூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. யாருக்கு எவ்வளவு கடன் என்ற வினாவை இந்நகரை மையமாகக் கொண்டு அணுகிய இரு முக்கியமான ஆய்வுகள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்று, அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் பொருளியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை. இவர்களுள் பானர்ஜி 2019இல் நோபல் பரிசு பெற்றவர். மற்றொன்று, புவியியல் அறிஞர் ஷரத் சாரி எழுதிய 'ஃப்ரேட்டர்னல் கேப்பிட்டல்' எனும் நூல்; 'உடன்பிறப்பு மூலதனம்' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

பானர்ஜியும் முன்ஷியும் கண்டது சுருக்கமாக இதுதான். பின்னலாடை ஏற்றுமதியில் ஈடுபட்டோரை அவர்கள் இரு பிரிவாகக் கொண்டனர்: வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு வந்த உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் ஒரு பிரிவு; பிற ஊர்களிலிருந்தும் சமூகங்களிலிருந்தும் வந்து சேர்ந்தோர் மற்றொரு பிரிவு. முதற்பிரிவினர் சராசரியாக ஏறத்தாழ இரு மடங்கு மூலதனம் கொண்டிருந்தனர். வெளியிலிருந்து வந்தோர் குறைந்த மூலதனத்தோடும் குறைந்த உற்பத்தியோடும் தொடங்கினர். ஆயினும் அவர்களது வளர்ச்சி வேகமாக இருந்தது. அனுபவம் கூடக்கூட, மூலதனத்தில் பின்தங்கியிருந்தும் உற்பத்தியில் அவர்கள் முந்திச் சென்றனர். திறமையின் வேறுபாட்டால் மட்டும் இதனை விளக்க இயலாது என்றும், மூலதனத்தை எட்டும் வாய்ப்பு இரு பிரிவினருக்கும் வேறுபட்டிருந்ததே பொருத்தமான விளக்கம் என்றும் ஆசிரியர்கள் முடிவுகண்டனர். பணம் திறமையைத் தேடிச் செல்லாமல் உறவைத் தேடிச் சென்றது என்று நாம் இதனைச் சொல்லலாம்.

இதனை ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக வாசிப்பது பிழை. தெரிந்தவருக்குக் கடன் கொடுப்பது மனித இயல்பு. எல்லாச் சமூகங்களும் அதையே செய்கின்றன. சாரியின் நூல் இங்கே துணைக்கு வருகிறது. சிறு விவசாயிகளாகவும் தொழிலாளர்களாகவும் இருந்தோர் தம் 'உழைப்பை' முன்னிறுத்தி முதலாளிகளாக உயர்ந்த கதையை அவர் விரிவாகச் சொல்கிறார். உழைப்பு எனும் அத்தமிழ்ச் சொல்லையே தம் ஆய்வின் அச்சாணியாகக் கொள்கிறார். உடன் உழைத்தவரின் கண்முன் ஈட்டிய நற்பெயரே அங்கே பிணையாக நின்றது. அந்தப் பெயர் உறவின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியானது என்பதுதான் அதன் வலிமையும் குறையும்.

நம் வாசகர்கள் இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ளுதல் தகும். திருப்பூரின் முதற்பின்னலாடைக் கூடம் 1925ஆம் ஆண்டளவில் குலாம் காதர் எனும் முஸ்லிம் வணிகரால் நிறுவப்பட்டதாகத் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். தொடக்கத்தில் முன்னின்றவர்கள் பின்னர் விரிவடைந்த மூலதன வலையின் மையத்தில் இல்லை. வலையின் விளிம்பில் நிற்போருக்கு உறவு சாராத ஓர் அளவுகோல் தேவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அத்தகைய அளவுகோலாகவே கடன் மதிப்பெண் தன்னை முன்வைத்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. இன்று நான்கு நிறுவனங்கள் இப்பணியில் உள்ளன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை செல்லும். அதன் சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. அது சாதி கேட்பதில்லை, மார்க்கம் கேட்பதில்லை, மாமன் மச்சான் உறவு விசாரிப்பதில்லை. முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளைச் சில வங்கிகள் எதிர்மறை வட்டாரங்களாகக் கருதி எளிதில் கடன் வழங்குவதில்லை என்று 2006இல் சச்சார் குழு சுட்டிக்காட்டியது. தெருவின் பெயரைப் பார்த்துக் கடன் மறுக்கும் வழக்கத்தோடு ஒப்பிடுகையில், மனிதரின் நடத்தையைப் பார்க்கும் எண் நீதிக்கு ஓரடி நெருங்கியதே.

ஆனால் எந்த நடத்தையை அது பார்க்கிறது? இங்கேதான் நம் திறனாய்வு தொடங்குகிறது.

முதலாவதாக, கடன் அட்டையின் வரம்பை எடுத்துக்கொள்வோம். பவர் டேபிள் நடத்தும் ஒருவருக்கு 20,000 ரூபாய் வரம்புள்ள அட்டை கிடைக்கிறது எனக் கொள்வோம். நூல்கண்டு, ஊசி, எண்ணெய், மின்கட்டணம் என மாதம் 12,000 ரூபாய் அதில் செலவிட்டு, உரிய நாளில் முழுவதையும் செலுத்திவிடுகிறார். வரம்பில் 60 விழுக்காட்டைப் பயன்படுத்தியவர் என்று பதிவேடு அவரைக் காட்டுகிறது. 30 விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் நலம் என்பது பொதுவாகத் தரப்படும் அறிவுரை. அவரது வரம்பு 60,000 ஆக உயர்ந்தால், அதே செலவு 20 விழுக்காடாகிறது. மனிதர் மாறவில்லை, அவரது செலவும் மாறவில்லை, வகுக்கும் எண் மட்டுமே மாறியது. எனினும் அவர் முன்னினும் நம்பத்தக்கவராகிறார். வரம்பு உயர்ந்தால் மதிப்பெண் உயரும். மதிப்பெண் உயர்ந்தால் வரம்பு மேலும் உயரும். உள்ளவனுக்கே மேலும் சேரும் எனும் பழைய நியதி எண்ணின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. பானர்ஜியும் முன்ஷியும் கண்ட முதல் அடியின் ஏற்றத்தாழ்வு இங்கேயும் தொடர்கிறது. உறவால் முதல் வரம்பு பெற்றவர் அன்று முந்தி நின்றார். சம்பளச் சீட்டால் முதல் வரம்பு பெற்றவர் இன்று முந்தி நிற்கிறார்.

இரண்டாவதாக, குறைந்தபட்சத் தொகை எனும் ஏற்பாடு. அட்டையின் நிலுவையில் சிறு பங்கை மட்டும் உரிய நாளில் செலுத்தினாலும் தவணை தவறாதவராகவே ஒருவர் பதிவாகிறார். எஞ்சிய தொகைக்கு மாதம் 3 விழுக்காட்டிற்கும் மேலாக வட்டி ஏறுவது வழக்கம். ஆண்டுக் கணக்கில் அது 40 விழுக்காட்டை எட்டவும் கூடும். ஆண்டுக்கு 30 விழுக்காட்டிற்கு மேல் வட்டி வாங்கலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் விதித்த வரையறையை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. தமிழகத்தில் கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் கொண்டுவந்தோம். தெருவோரத்தில் குற்றமாகக் கருதப்படுவது அட்டையின் பின்புறத்தில் நிபந்தனையாக அச்சிடப்பட்டிருக்கிறது. நிலுவையின் சுமை மதிப்பெண்ணைச் சற்றுக் குறைக்கலாம்; ஆயினும் வட்டியில் உழல்பவருக்கு ஓர் எண் உண்டு. கடனே வாங்காமல் வாழ்ந்தவருக்கோ எண்ணே இல்லை. 'வரலாறு இல்லை' என்ற குறிப்பு மட்டுமே உண்டு.

மூன்றாவதும் முதன்மையானதும், பதிவாகாத கடன். திருப்பூரின் உற்பத்தி முறையை அறிந்தோர் இதனை உணர்வர். நூல் ஓரிடத்தில், நிட்டிங் ஓரிடத்தில், சாயம் ஓரிடத்தில், தையலும் காஜா பட்டனும் செக்கிங்கும் அயர்னிங்கும் வேறு வேறு இடங்களில் நடக்கின்றன. ஜாப் ஒர்க் செய்பவர் தம் ஆட்களுக்கு வாரக் கூலியைச் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தமக்கு வரவேண்டிய பணத்திற்கோ வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருக்க வேண்டும். அப்படியானால் அவர் யார்? தமக்கு வேலை கொடுத்த பெரிய நிறுவனத்திற்கு வட்டியில்லாக் கடன் வழங்கிக்கொண்டிருப்பவர். சிறியவர் பெரியவருக்குக் கடன் கொடுக்கும் இவ்விந்தை எந்த மதிப்பெண்ணிலும் ஏறுவதில்லை. அக்கூலியைச் சமாளிக்க அவர் அட்டையில் பணம் எடுத்தால் அது மட்டும் ஏறுகிறது. 45 நாள்களுக்குள் சிறுதொழிலாருக்குப் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் அத்தொகையை அவ்வாண்டின் செலவாக வருமான வரியில் கழிக்க இயலாது எனும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் அடுத்த ஆர்டரை இழக்கும் அச்சத்தில் வாய் திறவாதோரே மிகுதி. 2004ஆம் ஆண்டின் அவ்விரு ஆய்வுகளிலும் முதலாளியாக உயர்ந்தோரும் ஏற்றுமதியாளரும் முன்னிலை பெறுகின்றனர்; கீழிருந்து மேலே பாயும் இக்கடன் அவற்றின் மைய வினா ஆகவில்லை என்பது நம் குறை.

இனி நம் மார்க்கத்தின் பக்கம் வருவோம். அட்டையை உரிய நாளில் முழுமையாகச் செலுத்தி வட்டியே கொடுக்காதிருக்கலாமே என்று நம்மில் பலர் கேட்பர். 2000ஆம் ஆண்டில் ரியாத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தாமதத்திற்கு வட்டி விதிக்கும் நிபந்தனை கொண்ட கடன் அட்டையை, அவகாசத்திற்குள் செலுத்தும் எண்ணம் இருப்பினும், பயன்படுத்தலாகாது என்று தீர்மானித்தது. தேவையையும் முழுச் செலுத்துகையின் உறுதியையும் கருதி இசைவளிக்கும் அறிஞர்களும் உளர். இவற்றுள் எது சரி என்று தீர்ப்பளிப்பது ஆலிம்களின் பணி. நாம் சுட்ட விரும்புவது வேறு. வரலாறு இல்லாதோர் மதிப்பெண்ணை வளர்க்க இன்று பரிந்துரைக்கப்படும் எளிய வழி, வங்கியில் வைப்புத்தொகை வைத்து அதன்பேரில் அட்டை பெறுவது. அவ்வைப்பிற்கு வட்டி வரும். அட்டைக்கும் வட்டி நிபந்தனை உண்டு. ரிபாவிலிருந்து விலகி நிற்க விரும்புபவர் நம்பத்தக்கவர் எனும் பெயரைப் பெற, இருபுறமும் ரிபா நிற்கும் வாயிலைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. வட்டியில்லா நிதி வசதிக்கு வழிகாண வேண்டும் என்று ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தது. அத்தகைய வங்கி முறையை முன்னெடுப்பதில்லை என்ற ரிசர்வ் வங்கியின் முடிவு 2017இல் வெளியானது.

இஸ்லாமிய மரபு கடனைப் பதிவு செய்வதற்கு எதிரானதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதே. எழுதுபவரின் நீதி, சாட்சிகள், சிறிதாயினும் பெரிதாயினும் தவணை குறித்து எழுதுவதில் சோர்வு கொள்ளாமை ஆகிய அனைத்தும் அல்பகராவின் 282ஆம் வசனத்தில் அடங்கும். அதற்கு இரண்டு வசனங்கள் முன்பாக, சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு கட்டளை வருகிறது. வசதியுள்ளவர் இழுத்தடிப்பதை அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இயலாமை வேறு, ஏய்ப்பு வேறு என்பதே இவ்விரண்டும் சேர்ந்து தரும் பாடம்.

மதிப்பெண் இவ்வேறுபாட்டை அறியாது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு தொடர்பாகச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆற்றுக்கு இழைக்கப்பட்ட தீங்கு உண்மை. அதற்குப் பொறுப்பானோர் உண்டு. ஆனால் அவற்றை நம்பியிருந்த தையல் கூடத்தார் தவணை தவறியது நாணயக் குறைவா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்து ஆர்டர்கள் தடுமாறியபோது தாமதித்தவர் நேர்மை இழந்தவரா? வேண்டுமென்றே தவறியவர் எனும் வகையை ரிசர்வ் வங்கி 25 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடன்களுக்கு வகுத்திருக்கிறது. சிறு கடனாளிக்கு அத்தகைய விசாரணை கிட்டுவதில்லை. தவறிய நாள்களின் எண்ணிக்கை மட்டுமே அவரைப் பற்றிப் பேசும்.

நம் சமுதாயமும் இத்திறனாய்விலிருந்து தப்ப இயலாது. கர்ழ் ஹஸனா எனும் அழகிய கடனை வெள்ளி மேடைகளில் புகழ்கிறோம். கைமாற்றாகக் கொடுத்ததை எழுதிவைக்கச் சொன்னால் நம்பிக்கையில்லையா என்று முகம் சுளிக்கிறோம். எழுதுமாறு பணித்த வசனத்தை உறவின் பெயரால் நாமே ஒதுக்கிவிட்டோம். விளைவாக, கொடுத்தவர் இழக்கிறார். ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவருக்கும் அதற்கொரு சான்று எஞ்சுவதில்லை. ஜமாஅத்தின் பைத்துல்மால் ஒவ்வொன்றும் முறையான பதிவேட்டோடு சிறு கடன் வழங்கி, செலுத்தியோருக்குச் சான்று தருமாயின், அது இன்றைய வங்கிச் சட்டத்தின்முன் பெரிதாக எடைபெறாது போகலாம். ஆயினும் நம்மிடையே கடன் கேட்டு நிற்கும் அடுத்தவருக்கு அது பிணையாகும்.

அரசின் போக்கிலும் சிறு மாற்றம் தெரிகிறது. கடன் அட்டை வரம்பை வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி உயர்த்தலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. சிறுதொழிலாரின் மின்னணுப் பரிவர்த்தனைத் தடங்களைக் கொண்டு தகுதியை மதிப்பிடும் முறையை 2024ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பொதுத்துறை வங்கிகள் 2025இல் அதைத் தொடங்கின. ஜிஎஸ்டி கணக்கும் வங்கி வரவு செலவும் பேசத் தொடங்கினால், வட்டிக் கடன் வாங்காதவரும் தம் உழைப்பைச் சான்றாகக் காட்ட வழி பிறக்கும். கூலியைத் தவறாது கொடுத்தவர், வாடகையைத் தவறாது செலுத்தியவர், ஜாப் ஒர்க் பணத்திற்குப் பொறுமையோடு காத்திருந்தவர் ஆகியோரின் நடத்தையும் அங்கே இடம்பெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

உறவு அளந்த நாளில் வெளியூரார் விடுபட்டனர். எண் அளக்கும் நாளில் கடன் வாங்காதவர் விடுபடுகிறார். திருப்பூரில் ஒருவர் சனிக்கிழமை மாலை, தமக்கு வரவேண்டிய பணம் வராத நிலையிலும், தம்மிடம் வேலை செய்தோருக்குக் கணக்குத் தீர்த்துக் கூலி கொடுத்து அனுப்புகிறார். அவரை நாணயமானவர் என்று சொல்லத் தெரியாத அளவுகோல், 900 வரை எண்ணத் தெரிந்திருந்தும், இன்னும் முழுமை பெறவில்லை என்றே நாம் கருதுகிறோம்.