பெயர் எழுதிக் காப்பதும் தேதி போட்டுக் காப்பதும்

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மேற்குக் கரையில் புத்தளத்துக்கு வடக்கே, பொம்பரிப்பு. இரண்டு ஊரிலும் மண்ணுக்கடியில் வரிசை வரிசையாகத் தாழிகள். தாழிக்குள் எலும்புகள், கறுப்பு சிவப்புக் கலயங்கள். ஆய்வாளர்கள் இந்த இரண்டு இடுகாடுகளையும் சேர்த்துத்தான் பேசுவது வழக்கம். ஆனால் இன்றைக்கு இவற்றுக்குக் காவல் நிற்கும் சட்டங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவை என்றாலும் வளர்ந்த விதத்தில் வெகுதூரம் பிரிந்துவிட்டன. இந்தியச் சட்டம் ஒரு தொல்லிடத்தின் பெயரை அரசிதழில் எழுதிய பிறகே அதைக் காக்கத் தொடங்குகிறது. இலங்கைச் சட்டம் ஒரு தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு முந்திய எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. இந்த ஒரு வேறுபாட்டால் எது பிழைத்தது, எது பறிபோனது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

1876இல் ஜெர்மானியரான யாகோர் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்போது அவரைத் தடுக்க இந்தியாவில் சட்டம் இருந்ததா? பெயருக்கு இருந்தது. 1810இல் வங்காளத்திலும் 1817இல் சென்னை மாகாணத்திலும் வந்த ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களைத் தனியார் தவறாகப் பயன்படுத்தினால் அரசு தலையிடலாம் என்றன. 1863ஆம் ஆண்டுச் சட்டம், பழமையாலும் கட்டடக் கலையாலும் சிறந்த கட்டடங்களைச் சிதைவிலிருந்து காக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. மூன்றுமே கட்டடத்தைப் பற்றியவை. மண்மேட்டுக்கும் புதைகுழிக்கும் கல்வட்டத்துக்கும் அவற்றில் இடமே இல்லை.

அதன் விளைவை ஹரப்பாவில் பார்க்கலாம். 1850களில் லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டவர்கள் அந்த மேட்டிலிருந்து செங்கல்லை அள்ளித் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். எவ்வளவு பழைய நகரத்தின் செங்கல் அது என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்பதற்குச் சட்டம் கிடையாது. அமராவதி அதற்கும் முந்திய கதை. 1790களில் உள்ளூர் ஜமீன்தார் புது ஊர் கட்டுவதற்காக அங்கிருந்த பௌத்தத் தூபியின் கற்களைப் பெயர்த்தார். செய்தி கேட்டுப் போய்ப் பார்த்த காலின் மெக்கன்சி, ஆண்டுகள் கழித்து 1816இல் திரும்பி வந்தபோது மேட்டின் நடுவே குளம் வெட்டப்பட்டிருந்தது. மிஞ்சிய சிற்பங்களில் பல இன்று லண்டனில் இருக்கின்றன.

யாகோர் வந்துபோன இரண்டாம் ஆண்டில், 1878இல், இந்தியப் புதையல் சட்டம் வந்தது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணிலோ மண்ணோடு பிணைந்த எதிலுமோ மறைந்திருக்கும் மதிப்புள்ள பொருள் எதுவானாலும் புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறாண்டுக்குள் புதைத்தவரின் வாரிசு என்று யாரும் வந்து நிரூபிக்காவிட்டால் பொருள் உரிமையாளர் இல்லாதது என அறிவிக்கப்படும். வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசுக்கு அந்தப் பொருள் வேண்டுமென்றால் அதன் மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நம்மை நிறுத்திவைக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் எத்தனையோ இந்தச் சட்டத்தின் வழியாகவே அங்கு வந்து சேர்ந்தவை. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது மண்வெட்டியில் உலோகம் இடிக்கும். செய்தி விஏஓ காதுக்குப் போகும். தாசில்தார் ஜீப்பில் வருவார். சிலையைக் கழுவி, மாலை போட்டு, ஊரே கற்பூரம் காட்டும். மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கி, தாலுகா அலுவலகத்தில் வைத்து, கருவூலத்துக்கு அனுப்புவார்கள். ஒன்றரை நூற்றாண்டாக இந்த வழி ஓரளவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதே மண்வெட்டி ஒரு தாழியின் விளிம்பில் இடித்தால் என்ன ஆகிறது? தாழிக்குப் பத்து ரூபாய் பெறுமா என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே பொன் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவுவார்கள். எலும்பும் ஓடும் வந்தால் வரப்போரம் எறிந்துவிட்டு உழவைத் தொடர்வார்கள். விலையை அளவுகோலாக வைத்த சட்டத்துக்கு வரலாற்றுக்கு முந்திய மனிதன் கண்ணில் படவில்லை. அவன் விட்டுச்சென்றது பெரும்பாலும் கல்லும் மண்ணும் எலும்பும்தானே.

இலங்கையில் தொடக்கம் வேறு திசையில் இருந்தது. 1868இல் ஆளுநர் ஹெர்குலிஸ் ராபின்சன் தீவின் பழைய கட்டடங்களை ஆராய ஒரு குழுவை அமைத்தார். ஜோசப் லோட்டன் காட்டுக்குள் போய் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சிகிரியாவையும் படம் பிடித்தார். ஸ்மிதர் தூபிகளை அளந்து வரைந்தார். கோல்ட்ஷ்மிட்டும் அவரை அடுத்து முல்லரும் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். இந்தியாவின் சட்டத்தை அடியொற்றி 1887இல் புதையல் கட்டளைச் சட்டம் வந்தது. 1890இல் எச்.சி.பி. பெல்லைத் தலைமையாகக் கொண்டு தொல்பொருள் ஆய்வு நிலையான அமைப்பாயிற்று. 1900இல் தொல்சின்னங்களுக்கென்றே தனிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அப்படிப்பட்ட தனிச் சட்டம் இயற்றுவதில் இலங்கை இந்தியாவை நான்கு ஆண்டு முந்திக்கொண்டது.

ஆனால் அத்தனை பேரின் கண்ணும் அரசர்களின் தலைநகரங்கள் மேலேயே இருந்தது. காடு மூடிய பெரும் நகரங்கள் ஒரு துறையின் முழு ஆயுளையும் விழுங்கக்கூடியவை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907 வாக்கில் பெல் வெளியே எடுத்த செப்புத் திருமேனிகள் அந்தக் காலத்தின் பெரும்பேறு. பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைப் பற்றி எழுதினார். இன்று அவை கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. பொம்பரிப்புத் தாழிகள் பக்கம் துறையின் பார்வை திரும்பியது 1920களில், ஹோகார்ட் ஆணையாளராக இருந்தபோது.

இங்கே பிரிட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அங்கே முதல் தொல்சின்னச் சட்டம் 1882இல் வந்தது. ஜான் லப்பக் பல ஆண்டுகள் போராடிக் கொண்டுவந்த அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தவை பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்திய கற்களும் மேடுகளும்தான். ஸ்டோன்ஹெஞ்ச் அதில் ஒன்று. நிலக்கிழார்கள் நிறைந்த நாடாளுமன்றம் தனிச்சொத்தில் கைவைக்க விடவில்லை. உரிமையாளர் மனம் வைத்தால் மட்டுமே காவல். கோட்டையும் தேவாலயமும் எங்கள் பொறுப்பு, உங்களுக்குக் கல்வட்டம் போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள். காலனிகளில் அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை.

கர்சன் பிரபு 1904இல் கொண்டுவந்த பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் அதனால்தான் தாய்நாட்டுச் சட்டத்தைவிட வலுவாக அமைந்தது. மேடு, புதைகுழி, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல் என்று அதன் வரையறை விரிகிறது. வயது வரம்பு எதுவும் போடவில்லை. உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்யலாம். தேவைப்பட்டால் நிலத்தைக் கையகப்படுத்தலாம். வழிபாடு நடக்கும் இடத்தில் மட்டும் அந்த அதிகாரம் செல்லாது. சிதைத்தால் மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம். 1904இல் ஐயாயிரம் என்பது ஒரு குடும்பத்தையே சாய்க்கும் தொகை. சுதந்திரத்துக்குப் பின் 1958இல் வந்த சட்டம் நூறு ஆண்டு என்ற வரம்பைச் சேர்த்தது. தண்டனைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டது. 2010 திருத்தம் வரும்வரை அரை நூற்றாண்டு அது உயரவே இல்லை.

இரண்டு சட்டத்திலும் மாறாதது ஒன்று உண்டு. அரசிதழில் பெயர் வந்தால்தான் ஒரு சின்னம் பாதுகாக்கப்பட்டது ஆகும். செங்கல்பட்டு வட்டாரத்தில் போனால் சாணூர், குன்னத்தூர் என்று ஊர் ஊராகக் கல்வட்டங்களும் கல்திட்டைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருக்கின்றன. யாரோ ஒரு அதிகாரி வெயிலில் நடந்து எண்ணி எழுதியதன் பலன் அது. எழுதாமல் விட்ட அடுத்த மேட்டில் கல் குவாரி ஓடியது, கேட்க நாதியில்லை. எழுதியவையாவது இருக்கின்றனவா என்றால் அதற்கும் உறுதியில்லை. 2013இல் இந்தியத் தணிக்கைத் துறை நேரில் போய்ப் பார்த்தபோது பட்டியலில் இருந்த 92 சின்னங்களைக் காணவில்லை. 2024இல் தொல்லியல் துறையே 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க நடவடிக்கை எடுத்தது. காவலர் இல்லாத இடத்தில் நீலப் பலகை மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

பட்டியலின் பாரம் வேறு விதமாகவும் விழுகிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடத் தடை, அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டிய பகுதி. பல்லாவரம் இந்திய முன்வரலாற்று ஆய்வின் பிறந்தவீடு. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தது அங்கேதான். அதே பல்லாவரத்தில் ஈமச்சின்னப் பகுதியை ஒட்டி வீடு வைத்திருப்பவர், கூரை ஒழுகினாலும் மாடி எடுக்க முடியாமல் அலைகிறார். அவருக்கு அந்த மேடு என்ன என்று எடுத்துச் சொல்ல யாரும் வந்ததில்லை. தடை மட்டும் வந்தது. தொல்லியலை ஊர் வெறுக்கத் தொடங்கினால் எந்த வேலியும் பயன்படாது.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரு பொறாமை எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. அதற்கு முந்திய ஆறு ஆண்டுகள் அங்கே ஆணையாளராக இருந்தவர் லாங்ஹர்ஸ்ட். ஹம்பியிலும் நாகார்ஜுனகொண்டாவிலும் வேலை பார்த்து, சென்னை வட்டத் தொல்லியலை நடத்தி, பட்டியல் முறையின் நல்லது கெட்டது இரண்டையும் கண்டவர். அவரை அடுத்து வந்த பரணவிதானவும் உதகமண்டலத்தில் கல்வெட்டுப் பயிற்சி பெற்றவர். தீவின் சட்டம் இந்தியா போகாத தூரம் போனது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் எல்லாம், நிலத்தின் மேலிருந்தாலும் அடியிலிருந்தாலும் ஆற்றிலோ குளத்திலோ கிடந்தாலும், அரசின் முழு உடைமை என்றது. தொல்பொருள் தேடிச் சொந்தக் காணியைத் தோண்டுவதற்கும் உரிமம் வேண்டும் என்றது. பழைய மரம் ஒன்றையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க இடம் வைத்தது. ஸ்ரீ மகா போதி அரசமரம் நிற்கும் தீவில் அது இயல்பாகவே தோன்றியிருக்கும். இந்தியச் சட்டத்தின் வரையறையில் மரம் இல்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு தாழிக்குப் பத்து ரூபாய் பெறுமானம் தேவையில்லை. அரசிதழில் ஊர்ப் பெயரும் தேவையில்லை. பழையது என்றால் போதும். 1998 திருத்தம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. புதையல் தோண்டியதாகப் பிடிபட்டவர்களின் செய்தி வாரம் தவறாமல் பத்திரிகையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் சரியாக இருந்தும் கண் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை சாட்சி. தொல்மேட்டிலிருந்து மண் அள்ளிக்கொண்டு போனபோதுதான் அங்கே ஈமச்சின்னங்கள் இருப்பது தெரிந்தது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அவசரமாகத் தோண்டி, மனித எலும்புக்கூட்டையும் பிராமி எழுத்துள்ள முத்திரையையும் மீட்டார்கள். மேட்டின் ஒரு பகுதி அதற்குள் லாரி ஏறிப் போயிருந்தது. அரசின் உடைமைதான் அதுவும்.

எல்லாமே அரசுக்குச் சொந்தம் என்று ஆகும்போது அந்த அரசு யாருடையது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்காக ஜனாதிபதி அமைத்த செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைவராக இருந்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைந்த அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. வயலில் எல்லைக்கல் நட வரும் திணைக்கள அதிகாரியைக் கிராமத்தவர்கள் காணி பறிக்க வந்தவராகப் பார்ப்பது அதன் பின் வியப்பா? முல்லைத்தீவில், பௌத்தரும் இந்துக்களும் உரிமை கோரும் குருந்தூர்மலையைச் சுற்றி எழுந்த வழக்குகளும் போராட்டங்களும் அந்த அச்சத்திலிருந்து பிறந்தவை. தொல்லியல் சான்று எந்த மதத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. காக்கும் குழுவில் அந்த மண்ணின் மக்கள் இருக்க வேண்டும் என்பதிலும் இல்லை.

தேதிக்கு வருகிறேன். 1940 சட்டம் குறித்த நாள் 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். கடைசி அரசு வீழ்ந்த நாளுக்கு முன்னால் இருந்தது தொல்பொருள். அதற்குப் பின் வந்தது அப்படித் தானாகவே தொல்பொருள் ஆகாது. மலையகத் தமிழரின் கதை முழுவதும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதைகள், அவர்கள் அடைந்துகிடந்த லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகள், தேயிலைச் சரிவில் கல் நட்டுக் கும்பிட்ட மாரியம்மன், பெயரில்லாத இடுகாடுகள். சட்டத்தின் கணக்கில் இவை இளையவை. இவற்றையும் காக்கலாம், ஆனால் அமைச்சர் தனியாக அறிவித்து வர்த்தமானியில், அதாவது அங்குள்ள அரசிதழில், பெயர் வர வேண்டும். கொழும்பின் காலனியக் கட்டடங்கள் சில அப்படித்தான் பாதுகாப்புப் பெற்றன. அதாவது 1815க்குப் பிந்தியவற்றைப் பொறுத்தவரை இலங்கையும் இந்தியாவைப் போலப் பட்டியல் போடும் நாடுதான். பட்டியலில் பெயர் ஏற ஊருக்குள் செல்வாக்குள்ள ஒருவர் கேட்க வேண்டும். புதுவீட்டுத் திட்டங்களுக்காக லயங்கள் இடிக்கப்படும் காலம் இது. அந்த மக்களுக்குக் காணியும் நல்ல வீடும் எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். இடிப்பதில் எனக்கு வருத்தமில்லை. தோட்டத்துக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும் கோப்பிக் காலத்து லயம் ஒன்றிரண்டையாவது, அங்கு வாழ்ந்தவர்களிடமே கேட்டு, வர்த்தமானியில் ஏற்ற இப்போதுள்ள சட்டமே போதும். புதிய திருத்தம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.