வைக்கோல் போரில் ஒளித்த ஈட்டி: சாட்சியச் சட்டம் 27-ஆம் பிரிவைப் படித்தல்

கொலை வழக்குச் செய்தி எதையாவது எடுத்துப் பாருங்கள். 'கைதானவர் போலீசில் அளித்த பரபரப்பு வாக்குமூலம்' என்று கூடவே ஒன்று இருக்கும். ஏன் கொன்றேன், எப்படிக் கொன்றேன், கத்தியை எங்கே வீசினேன் என்று 'நான், நான்' என்றே போகும், கதை மாதிரி. இதில் முக்கால்வாசி கோர்ட்டில் செல்லாது. கொடுத்த இன்ஸ்பெக்டருக்கு அது தெரியும், எழுதிய நிருபருக்கும் தெரியும். டீக்கடையில் படிக்கிற நமக்குத்தான் தெரியாது. மிச்சமிருக்கும் கால்வாசி எப்படிச் செல்லுபடியாகிறது, அந்த வழியைப் போட்டுக் கொடுத்தது யார், இன்னமும் அது ஏன் அடைபடவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பு.

1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று அடுத்தடுத்து மூன்று பிரிவுகள். 25: போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது. 26: போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டிருந்தாலும், மாஜிஸ்திரேட் நேரில் இல்லையென்றால் அதுவும் கூடாது. இரண்டும் கதவைச் சாத்துகின்றன. 27 வந்து ஜன்னலைத் திறந்து வைக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு சங்கதி கண்டுபிடிக்கப்பட்டால், அந்தச் சங்கதியோடு தெளிவாகத் தொடர்புடைய அளவுக்கு அவர் சொன்னதை நிரூபிக்கலாம், அது ஒப்புதலாகவே இருந்தாலும் சரி.

இந்தச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். ஆனால் இந்த மூன்றும் அவர் கண்டுபிடிப்பு இல்லை, 1861-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தவை. அங்கிருந்து ஆறு வருஷம் பின்னால் போனால் நம்ம ஊர் வருகிறது. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்று 1854-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு கிளம்பி, மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. 1855-ல் அறிக்கை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள். கிட்டி போட்டு விரல்களை நசுக்குவது, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைத்து வெயிலில் நிறுத்துவது என்று வகைவகையாக அதில் பதிவாகியிருக்கிறது. 'கிட்டி' என்ற தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்தில் அரசாங்க அறிக்கையில் ஏறிய பெருமை நமக்கு உண்டு. வரி வாங்கிய கையும் வாக்குமூலம் வாங்கிய கையும் அப்போது பெரும்பாலும் ஒரே கைதான். தாசில்தாரே போலீசுக்கும் தலைவர்.

இதனால்தான் 25-ஆம் பிரிவு வந்தது என்று ஒரே கோடாகப் போட்டுவிட முடியாது. மற்ற மாகாணங்களிலிருந்தும் இதே மாதிரிப் புகார்கள் வந்தன. ஆனால் தன் போலீசைத் தானே நம்பவில்லை என்று ஓர் அரசாங்கம் சட்டத்தில் எழுதிவைத்தது சின்ன விஷயம் இல்லை. ஸ்டீபனே பின்னாளில், வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட நிழலில் உட்கார்ந்து எவன் கண்ணிலாவது மிளகாய்ப் பொடி தேய்ப்பது சுகம் என்று ஓர் அதிகாரி தன்னிடம் சொன்னதாக எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு தெரிந்தவர்தான் 27-ஐயும் உள்ளே வைத்தார்.

அதற்குப் பின்னால் இருக்கும் தர்க்கம் இது: அடித்து வாங்கிய வாக்குமூலம் பொய்யாக இருக்கலாம், ஆனால் அவன் சொன்ன இடத்தில் பொருள் கிடைத்துவிட்டதே, அப்புறம் எப்படிப் பொய்யாகும்? கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. 1783-ல் வாரிக்‌ஷால் என்ற லண்டன் வழக்கிலேயே இந்தக் கேள்வி வந்தது. ஆசை காட்டி ஒரு பெண்ணிடம் ஒப்புதல் வாங்கினார்கள், அவள் படுக்கையில் திருட்டுப் பொருள் கிடைத்தது. அந்த ஒப்புதல் செல்லாது, பொருள் கிடைத்ததைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். கவனியுங்கள், அங்கே உள்ளே வந்தது பொருள்தான். 27-ஆம் பிரிவில் பொருளோடு அவள் வாயிலிருந்து வந்த சொல்லும் சேர்ந்து உள்ளே வருகிறது. கப்பல் ஏறி வந்ததில் விதி பெரிசாகிவிட்டது. என் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

இரண்டாவது, அந்தத் தர்க்கம் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: பொருள் எங்கே இருக்கிறது என்று போலீசுக்கு முன்னாலேயே தெரியாது. தெரிந்திருந்தால், அல்லது பொருளை வைத்ததே வேறு யாரோ என்றால், கண்டுபிடிப்பு எதையும் உறுதி செய்வதில்லை. இல்லாத கத்தியை அடியால் உண்டாக்க முடியாதுதான், ஆனால் இருக்கிற கத்திக்கு ஒரு சொந்தக்காரனை உண்டாக்க முடியும்.

சரி, எவ்வளவு சொல் உள்ளே வரலாம்? 1937-ல் ஆத்தப்ப கவுண்டன் வழக்கில் மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தாராளமாக வாசித்தது. கத்தி கிடைத்தது என்பதால் மட்டும் என்ன தெரியும்? அதைக் குற்றத்தோடு இணைக்கும் வார்த்தையும் சேர்ந்தால்தானே பொருள் இருக்கிறது, ஆகவே அதையும் ஏற்கலாம் என்றது. பத்து வருஷம்கூட நிற்கவில்லை. தெலுங்குப் பகுதியிலிருந்து இதே உயர் நீதிமன்றம் வழியாகப் போன புலுகுரி கோட்டய்யா வழக்கில், 1946 டிசம்பரில், லண்டன் பிரிவி கவுன்சில் அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் சர் ஜான் போமான்ட், பம்பாயில் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

இவ்வளவு வறண்ட சட்டத்துக்குள் இப்படி ஒரு பகுதி இருப்பது ஆச்சரியம்தான். அந்த வழக்கில் ஈட்டி ஒரு வைக்கோல் போரில் இருந்தது. 'ஈட்டியையும் என் தடியையும் போரில் ஒளித்துவைத்தேன், வந்தால் காட்டுகிறேன்' என்ற பகுதி செல்லும். 'நாங்கள் காத்திருந்து அடித்துக் கொன்றோம்' என்ற பகுதி செல்லாது. ஏன் என்பதற்கு போமான்ட் ஓர் உதாரணம் சொல்கிறார். வீட்டுக் கூரையில் கத்தி செருகியிருக்கிறது என்று ஒருவன் சொல்லி, அது கிடைத்தால், கண்டுபிடித்தது கத்தியை அல்ல. கத்தியை மனிதகுலம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அவன் வீட்டில், அவனுக்குத் தெரிந்து, ஒரு கத்தி மறைந்திருந்தது என்பதே கண்டுபிடிப்பு. 'இதனால் இன்னாரைக் குத்தினேன்' என்பது அந்தக் கத்தியின் பழைய கதை, அதற்கும் கூரையில் கிடைத்ததற்கும் சம்பந்தம் இல்லை. அதையும் சேர்த்து ஏற்றால், ஆளைச் சொல்லவைப்பதில் போலீஸ் குறை வைக்காது, 25, 26 காகிதத்தில்தான் இருக்கும் என்ற பொருளில் ஒரு வாக்கியமும் உண்டு. போலீசைப் பற்றி இவ்வளவு மரியாதையாகச் சொல்லப்பட்ட அவமரியாதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நல்ல தீர்ப்புதான், ஆனால் அது ஒரு அச்சையும் வார்த்துக் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் ஒப்புதல் வாக்குமூலங்களை வரிசையாகப் படித்தால் கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: 'என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் அரிவாளை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.' படித்தவரோ படிக்காதவரோ, எந்த மாவட்டமோ, 'ஆஜர்படுத்துகிறேன்' என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் யாராவது அப்படிப் பேசுவார்களா? முழு வாக்குமூலத்தில் அந்த வரி மட்டும் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படும். கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், மகஜரிலும் அவர்கள்தான். 1946-ல் பிரிவி கவுன்சில் போட்ட வேலி, இன்று போலீஸ் எழுத்தர் மனப்பாடமாக எழுதும் வரி. ஒரு சட்டப் பிரிவைக் குறை சொல்ல எனக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

வரி எழுதுவதற்கு முன்னால் அந்த அறையில் என்ன நடந்தது என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. கைமுறிவுக் கட்டோடு வரும் ஆள் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்த' செய்தி மட்டும் அவ்வப்போது வரும்.

விடுதலைக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் இதை இரண்டு முறை பெரிதாகச் சோதித்தது. 1960-ல் தேவமன் உபாத்யாயா வழக்கில், காவலில் இருப்பவன் சொன்னது மட்டும் செல்லும், வெளியே இருப்பவன் சொன்னது செல்லாது என்பது சமத்துவத்துக்கு விரோதம் இல்லையா என்ற கேள்வி. இல்லை என்றது பெரும்பான்மை. சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். 1961-ல் காத்தி காலு ஓகட் வழக்கில், கட்டாயப்படுத்தாத வரை 27 அரசியல் சட்டத்தின் 20(3)-ஐ மீறவில்லை என்றார்கள். கட்டாயப்படுத்தினார்களா என்று அந்த அறைக்குள் இருந்தவனே நிரூபிக்க வேண்டியிருப்பதைப் பற்றி அந்தத் தீர்ப்புகளில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்து வாதம் பலவீனமானது அல்ல. நேரில் கண்ட சாட்சி இல்லாத கொலைகள் நிறைய. கிணற்றில் வீசிய நகையும் புதரில் கிடந்த அரிவாளும் இல்லாமல் எத்தனையோ குடும்பங்களுக்கு நியாயம் கிடைத்திருக்காது. வேலியையே எடுத்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரி வாங்கிய ஒப்புதலைச் செல்லும் என்றது. ராஜீவ் கொலை வழக்கில், தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்று 1999-ல் சொன்ன அதே உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின்கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் வைத்துக்கொண்டது. எதற்கென்று தெரியாமல் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகப் பேரறிவாளன் சொன்னதை விட்டுவிட்டே எழுதினேன் என்று, அவர் வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரி பின்னாளில் பகிரங்கமாகச் சொன்னார். 2022 மே 18-ல் விடுதலை ஆகும்வரை அந்த மனிதர் முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். ஒரு துணை வாக்கியம் விடுபட்டதன் எடை அது.

இப்போது வருவது புதுச் சட்டம். காலனியச் சட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்ற முழக்கத்தோடு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் அமலுக்கு வந்தது. நான் முதலில் தேடிப் போனது இந்த இடத்தைத்தான். 25-உம் 26-உம் சேர்ந்து 23-ஆம் பிரிவின் இரண்டு உட்பிரிவுகள் ஆகியிருக்கின்றன. 27 அதன் அடியில் வரம்புரையாகத் தொங்குகிறது, பெரும்பாலும் அதே வார்த்தைகளில். எண் போயிற்று, வாசகம் இருக்கிறது. தடையிலிருந்து இப்படி விலக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்று யோசிக்க 150 வருஷத்துத் தீர்ப்புகள் கையில் இருந்தன. யோசித்த தடம் அந்தப் பிரிவில் இல்லை.

கூடவே வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் கேமரா ஓடத் தொடங்குவது புதருக்குப் பக்கத்தில். அதற்கு முந்தைய இரவு ஸ்டேஷனில் எடுத்த வாக்குமூலத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

இங்கிலாந்து என்ன செய்தது? 1984-ஆம் ஆண்டு போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், 76-ஆம் பிரிவு: செல்லாத ஒப்புதலால் ஒரு சங்கதி தெரியவந்தால் அந்தச் சங்கதியைச் சொல்லலாம், ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் சொல்லித்தான் அது தெரிந்தது என்பதை, அவர் தரப்பே எடுத்துச் சொன்னாலொழிய, சொல்லக் கூடாது. அரிவாளைக் கொண்டுவாருங்கள். அதில் யார் ரத்தம், யார் ரேகை என்று ஆய்வுக்கூடம் சொல்லட்டும். 'ஆஜர்படுத்துகிறேன்' என்ற வரி வேண்டாம். நான் கேட்பதும் அவ்வளவுதான், 23-ஆம் பிரிவின் வரம்புரையை இந்த அளவுக்குச் சுருக்கினால் போதும்.