மூலமும் மாற்றொலியும்: 'மெட்ராய்டு 2' இசையும் அதன் ரசிகர் மறுஆக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

பழைய நிகழ்பட விளையாட்டு ஒன்றின் இசையை, ரசிகர்கள் தாமே உருவாக்கும் புதிய விளையாட்டுக்கு ஏற்ப மாற்றும்போது மூலத்தில் எது காக்கப்படுகிறது, எது கைவிடப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1991ஆம் ஆண்டு கேம் பாய் கருவிக்கு வெளிவந்த 'மெட்ராய்டு 2: ரிட்டர்ன் ஆஃப் சேமஸ்' விளையாட்டின் இசையும், 2016ஆம் ஆண்டு வெளிவந்த ரசிகர் ஆக்கமான 'அனதர் மெட்ராய்டு 2 ரீமேக்' விளையாட்டின் இசையும் ஒப்புநோக்கப்படுகின்றன. இத்தகைய ஒலிமாற்றம் தொழில்நுட்பச் செயலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது மூலத்திற்கு எழுதப்படும் ஓர் உரை என்பதும், உரையாகவே அது மதிப்பிடப்பட வேண்டும் என்பதும் கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு இசை, ஒலிமாற்றம், ரசிகர் ஆக்கம், மூலபாடம், கேம் பாய், மௌனம்.

முன்னுரை

மூலபாடம் எது என்னும் வினா சுவடிப் பதிப்பாசிரியர்களுக்குப் பழக்கமானது. ஏடு சிதைந்திருக்கலாம், படிகள் தம்முள் வேறுபடலாம், எனினும் சொற்களால் ஆன பாடம் ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை பதிப்புப் பணிக்கு அடிப்படையாக உள்ளது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளிவந்த நிகழ்பட விளையாட்டுகளின் இசையை அணுகும்போது அந்நம்பிக்கையே ஐயத்திற்குள்ளாகிறது. அவ்விசைக்குப் பெரும்பாலும் அச்சிட்ட சுரக்குறிப்பு இல்லை. இசைக்கலைஞர்கள் கூடி வாசித்த ஒலிப்பதிவும் இல்லை. விளையாட்டு இயங்கும் பொழுதில் சில்லு ஒன்று கட்டளைகளை ஏற்று ஒலியைப் பிறப்பிக்கிறது. கருவி நின்றதும் ஒலியும் நின்றுவிடுகிறது.

இவ்விசையைப் புதிய விளையாட்டொன்றில் பயன்படுத்த விரும்பும் ரசிகர் முதலில் எதிர்கொள்வது எந்த மென்பொருளைத் தேர்வது என்னும் வினா அன்று. தாம் எதை மூலமெனக் கொள்கிறோம் என்பதே அவர் விடை காண வேண்டிய முதல் வினா.

மூலத்தின் இருப்பிடம்

கேம் பாய் கருவியில் நான்கு ஒலித்தடங்கள் உள்ளன. இரண்டு தடங்கள் துடிப்பலைகளை எழுப்புவன. மூன்றாவது தடம், ஒவ்வொன்றும் 4 பிட் அளவுள்ள 32 புள்ளிகளால் வரையப்படும் சிற்றலை ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒலிப்பது. நான்காவது தடம் இரைச்சலுக்குரியது. தாள ஒலிகளும் வெடியொலிகளும் பெரும்பாலும் இதிலிருந்தே பெறப்படுகின்றன. துடிப்பலையின் அகலத்தை 12.5, 25, 50, 75 விழுக்காடு என நான்கு நிலைகளில் மட்டுமே மாற்ற இயலும்.

சுருதியும் இவ்வாறே வரையறைக்குட்பட்டது. துடிப்பலைத் தடத்திற்கு 0 முதல் 2047 வரையுள்ள எண்களில் ஒன்றே சுருதியாகத் தரப்படுகிறது. 2048இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து, வரும் எண்ணால் 131072ஐ வகுத்தால் கிடைப்பதே அதிர்வெண். ஆகவே 440 ஹெர்ட்ஸ் வேண்டுமெனில் ஏறத்தாழ 439.8 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. இவ்வேறுபாட்டைச் செவி உணராது. ஆனால் அதே சுரத்தை இரண்டு ஆக்டேவ் மேலே 1760 ஹெர்ட்ஸில் ஒலிக்க விரும்பினால், மிக அருகில் கிடைப்பது 1771.2 ஹெர்ட்ஸ் மட்டுமே. இது அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு விலகல். உச்சத்தில் இசை சற்றே கூர்மையாக ஒலிப்பது இசையமைப்பாளரின் பிழையன்று. அது கருவியின் இயல்பு. அவ்வியல்பைச் செவியால் அறிந்தே அக்கால இசையமைப்பாளர்கள் பணியாற்றினர்.

மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்கத் தடங்கள் போதாதபோது, ஒரே தடத்தில் அம்மூன்றையும் மிக விரைவாக அடுத்தடுத்து ஒலித்துச் சுரக்கூட்டின் மயக்கத்தை உண்டாக்குவது வழக்கம். முதல் தடத்தின் மெட்டையே இரண்டாம் தடத்தில் சற்றுத் தாமதித்து, ஒலியைக் குறைத்து இசைத்து எதிரொலியை உருவாக்குவதும் உண்டு. இவை குறைகளை மறைக்கும் உத்திகளாகத் தோன்றினாலும், இவ்விசையின் நடையே இவற்றால் அமைந்தது.

ஒலிமாற்றத்தின் மூன்று வழிகள்

இவ்விசையைப் பெயர்த்தெடுக்க ரசிகர்கள் கையாளும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதல் வழி, கருவியிலிருந்தோ எமுலேட்டரிலிருந்தோ எழும் ஒலியை அப்படியே பதிவு செய்தல். இதில் ஒலிநிறம் காக்கப்படுகிறது. ஆயினும் மூலத்தில் முடிவற்றுச் சுழன்ற இசை, தொடக்கமும் முடிவும் உடைய கோப்பாகிவிடுகிறது. அதனை எம்பி3 வடிவில் சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் இசை இடறும். ரசிகர் ஆக்கங்களில் ஆக் வோர்பிஸ் வடிவம் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் வழி, விளையாட்டு நிரலை எமுலேட்டரில் இயக்கி, சில்லுக்குச் செல்லும் கட்டளைகளைப் பதிந்து, அவற்றை மிடி வடிவச் சுரங்களாக மாற்றிப் புதிய இசைக்கருவி ஒலிகளால் இசைத்தல். இதில் மெட்டும் அமைப்பும் காக்கப்படுகின்றன. ஆனால் மாற்றுநிரல் 1771.2 ஹெர்ட்ஸை 1760 எனத் திருத்திவிடுகிறது. விரைந்தோடும் மூன்று சுரங்களைச் சுரக்கூட்டாக எழுதுவதா, ஓடும் சுரங்களாகவே விடுவதா என்பதை மாற்றுபவரே முடிவு செய்ய வேண்டும். எதிரொலிக்காக எழுதப்பட்ட இரண்டாம் தடத்தை அவ்வாறே வைத்துக்கொண்டு, புதிய மென்பொருளின் எதிரொலியையும் சேர்த்தால் ஒன்றே இருமுறை சொல்லப்படும்.

மூன்றாம் வழி, புதிய விளையாட்டுக்குள்ளேயே பழைய சில்லின் போன்மையை அமைத்து மூலக் கட்டளைகளை இயக்குதல். துல்லியம் கருதினால் இதுவே சிறந்தது. எனினும், பழைய விளையாட்டுகள் பலவற்றில் விளைவொலி எழும்போது இசையின் ஒரு தடம் கணநேரம் பறிக்கப்படும். துப்பாக்கி வெடிக்கையில் மெட்டின் ஒரு துண்டு மறையும். புதிய விளையாட்டில் விளைவொலி தனியே ஒலிப்பதால் இந்த ஊடாட்டம் மீள்வதில்லை. ஆகவே இவ்வழியிலும் முழுமை கிட்டுவதில்லை.

ஒவ்வொரு வழியும் மூலத்தின் ஒரு கூற்றைக் காத்து மற்றொன்றை இழக்கிறது. எதை இழக்கலாம் எனத் தீர்மானிக்க, மூலத்தில் எது பொருள் தருகிறது என்று அறிந்திருக்க வேண்டும். இங்கேயே ஒலிமாற்றம் திறனாய்வாகிறது.

'மெட்ராய்டு 2': இசையும் இசையின்மையும்

ரியோஜி யோஷிடோமி இசையமைத்த 'மெட்ராய்டு 2' இவ்வகையில் கடினமான சான்று. எஸ்ஆர்388 என்னும் கோளின் நிலத்தடியில் வாழும் மெட்ராய்டு உயிரினத்தை முற்றாக அழிக்கச் சேமஸ் என்னும் வீராங்கனை தனியே அனுப்பப்படுகிறார். தொடக்கத்தில் ஒலிக்கும் மெட்டு துணிவூட்டுவது. நினைவில் எளிதில் தங்குவது. ஆனால் முதன்மைப் பாதையைவிட்டுக் கிளைக்குகைகளுக்குள் நுழைந்ததும் மெட்டு மறைகிறது. தொடர்பற்ற சிற்றொலிகளும் இடைவெளிகளுமே எஞ்சுகின்றன. இசையென எதிர்பார்ப்பவருக்கு இவை வறுமையாகவே தோன்றும்.

விளையாட்டின் அமைப்போடு சேர்த்துக் கேட்டால் வேறு பொருள் புலப்படுகிறது. மெட்டு, வழி தெரிந்த இடத்தின் அடையாளம். மெட்டின் இன்மை, வழி தெரியாமையின் அடையாளம். வண்ணமற்ற, 160க்கு 144 புள்ளிகளே கொண்ட சிறு திரையில் ஒரு குகைக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு காண்பது அரிது. நிலப்படமும் விளையாட்டில் இல்லை. அந்நிலையில், தான் எங்கே இருக்கிறேன் என்பதை ஆடுபவர் செவியாலும் உணர்கிறார். இறுதியில், அழிக்க வந்த இனத்தின் கடைசிக் குஞ்சு சேமஸைத் தாயெனப் பின்தொடர, பகைவர் எவருமற்ற பாதையில் மென்மையான இசையுடன் அவர் மேலேறுகிறார். நெடுநேரம் இசை மறுக்கப்பட்டிருந்ததே அவ்விசையின் மென்மைக்கு வலுவளிக்கிறது.

ரசிகர் மறுஆக்கம்

அர்ஜென்டினாவைச் சேர்ந்த மில்டன் குவாஸ்டி பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மறுஆக்கம், மெட்ராய்டு தொடரின் 30ஆம் ஆண்டு நிறைவு நாளான 2016 ஆகஸ்ட் 6 அன்று இலவசமாக வெளிவந்தது. இசையை மாற்றியமைத்தவரும் பெரும்பாலும் அவரே. அவர் தேர்ந்தது மேற்கண்டவற்றுள் இரண்டாம் வழியின் விரிந்த வடிவம்: மெட்டுகளை எடுத்துக்கொண்டு, நவீன ஒலிக்கருவிகளால் முழுமையாக மீட்டுருவாக்குதல்.

கோளின் மேற்பரப்புக்குரிய மெட்டில் இவ்வழி சிறந்த பயன் தருகிறது. நான்கு தடங்களின் நெருக்கடியில் குறிப்பாக மட்டுமே உணர்த்தப்பட்ட அடிக்குரலும் தாளமும் இங்கு உடல் பெறுகின்றன. மெட்டின் துணிவு குன்றவில்லை. மூலத்தில் உட்கிடையாக இருந்ததை வெளிப்படையாக்கும் நல்லுரையின் பணி இது.

கிளைப்பகுதிகளில் நிலைமை வேறு. மூலத்தில் ஒன்றுபோல் தோன்றிய இடங்களுக்கு மறுஆக்கம் தனித்தனித் தோற்றமும் பின்னணியும் அளித்தது. அதற்கேற்பச் சூழலிசையும் அடர்த்தியாயிற்று. இவ்விசை தன்னளவில் தேர்ந்தது. ஆனால் மூலத்தின் குகைகளில் ஆடுபவர் தம் தனிமையைக் கேட்டார். மறுஆக்கத்தில் அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் பெருமிதத்தைக் கேட்கிறார். மெட்டுக்கும் இன்மைக்கும் இடையிலிருந்த முரண் தளர்கிறது. இதனைப் பிழை எனல் பொருந்தாது. இது ஒரு பொருள்கோள். ஏற்கவும் மறுக்கவும் இடமளிக்கும் பொருள்கோள்.

இப்போக்கு ரசிகருக்கு மட்டும் உரியதன்று. 2017இல் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வெளியிட்ட அதிகாரபூர்வ மறுஆக்கமான 'மெட்ராய்டு: சேமஸ் ரிட்டர்ன்ஸ்' விளையாட்டிலும், தொடரின் பிற ஆட்டங்களில் பழகிய மெட்டுகள் சில சேர்க்கப்பட்டு மௌனம் நிரப்பப்பட்டது. பிற்காலச் செவி மூலத்தின் இசையின்மையைக் குறையாகவே கேட்டது என்பதற்கு இவ்விரு மறுஆக்கங்களும் சான்று.

உரிமையும் பொறுப்பும்

குவாஸ்டியின் ஆக்கம் வெளிவந்த சில நாள்களிலேயே பதிப்புரிமை அறிவிப்பின்பேரில் இணையத்தளங்களிலிருந்து நீக்கப்பட்டது. சட்டப்படி, இசையைத் தழுவும் உரிமை அதன் உடைமையாளருக்கே உரியது; ஒவ்வொரு சுரத்தையும் புதிதாக வாசித்திருந்தாலும் மெட்டு பிறருடையதே. இதனை மறுப்பதற்கில்லை. எனினும் சட்டம் விடை தருவது உரிமை பற்றிய வினாவுக்கு மட்டுமே. பழைய கருவிகள் அருகிவரும் காலத்தில், அவ்விசையைச் சில்லின் கட்டளை வரை இறங்கிப் பயின்றவர்களுள் இத்தகைய ரசிகர்கள் முதன்மையானவர்கள். அவர்தம் ஆக்கம் நீக்கப்படும்போது உரையொன்றும் உடன் மறைகிறது.

இதே காரணத்தால் ரசிகர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மூலத்தை நேரில் கேட்க வாய்ப்பற்ற இளைய தலைமுறையினருக்கு மாற்றொலியே மூலமாகிவிடக்கூடும். எதை மாற்றினோம், எதைச் சேர்த்தோம், எங்கே மௌனத்தை நிரப்பினோம் என்பதை ஆக்கத்தோடு ஒரு குறிப்பாகத் தருவது அரிதன்று. மூல இசைக்கும் மாற்றிசைக்கும் இடையே தேர்ந்துகொள்ளும் வசதியை விளையாட்டுக்குள் அமைத்தல் அதனினும் நன்று. பாடவேறுபாடு காட்டாத பதிப்பை நாம் ஏற்பதில்லை. அவ்வளவையே இங்கும் எதிர்பார்க்கலாம்.

முடிவுரை

பழைய விளையாட்டு இசையின் மூலம் அதன் சுரங்களில் மட்டுமோ ஒலிநிறத்தில் மட்டுமோ இல்லை. கருவியின் வரையறைகளுக்கும், இசையமைப்பாளரின் தெரிவுகளுக்கும், ஆடுபவர் இருக்கும் இடத்திற்கும் இடையிலான உறவில் அது அமைந்துள்ளது. அவ்வுறவு முழுவதையும் எந்த ஒலிமாற்றமும் பெயர்க்க இயலாது. குவாஸ்டியின் மறுஆக்கம் மெட்டுள்ள இடங்களில் மூலத்தைத் தெளிவாக்குகிறது. மெட்டற்ற இடங்களில் மூலத்திற்குப் பதிலாகத் தன் கருத்தை வைக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து கூறுவதே இவ்வகை ஆக்கங்களுக்குத் திறனாய்வு செய்யத்தக்க பணியாகும்.