மோட்டார் அணைந்த பிறகு

ரிமோட் ஹெலிகொப்டர் ஓட்டுபவரின் கைத்திறனை எடைபோட, அவர் போடும் குட்டிக்கரணங்களைப் பார்த்துப் பயனில்லை. தலைகீழாகப் பறப்பது கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் அங்கே பிசகிய கையை மோட்டாரின் பலம் அடுத்த நொடியே காப்பாற்றிவிடும். ஓட்டோரொட்டேஷனில் அந்தச் சலுகை கிடையாது. உயரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, ரோட்டரின் சுழற்சி ஒன்றையே நம்பிப் புல்லில் வந்து இறங்க வேண்டும்.

‘த்ரொட்டில் ஹோல்ட்’ சுவிட்சைத் தட்டியதும் முதலில் மாறுவது சத்தம். மோட்டாரின் இரைச்சல் அறுந்து, பிளேட்கள் காற்றை அரியும் ஓசை மட்டும் மிஞ்சும். பிரதான பற்சக்கரத்தோடு இருக்கும் ஒருவழி பெயரிங், மோட்டாரை விட்டுவிட்டு ரோட்டரைத் தன்பாட்டில் சுழல விடுகிறது. அந்தக் கணமே ‘கலெக்டிவ்’ என்ற கோணக் கட்டுப்பாட்டை இறக்கி, பிளேட்களின் கோணத்தைச் சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகைக்குக் கொண்டுபோக வேண்டும். விழுகிற பொருளைத் தூக்கிப் பிடிக்கத்தான் யாருக்கும் கை போகும். இங்கே தூக்கினால் சுழற்சி செத்துவிடும். இறக்கினால், கீழிருந்து மேலே பாயும் காற்றே பிளேட்களைச் சுழற்றித் தரும்.

மோட்டாரே பூட்டாத ரோட்டரை இப்படிச் சுழலவிட்டுத்தான் ஸ்பெயின்காரர் ஹுவான் டி லா சியர்வா 1923 ஜனவரியில் தன் ஓட்டோஜைரோவைப் பறக்கவிட்டார். 1972 ஜூன் 21ஆம் திகதி பிரான்சின் ஜான் பூலே ‘லாமா’ ஹெலிகொப்டரில் 12,442 மீற்றர் உயரம் ஏறினார். உச்சியில் எஞ்சின் அணைந்துவிட்டது. அங்கிருந்து தரைவரை ஓட்டோரொட்டேஷனிலேயே வந்து சேர்ந்தார். இலங்கை விமானப்படை வைத்திருக்கும் பெல் 206க்குப் பாரமான இரட்டை பிளேட் ரோட்டர். ஆகவே இந்த வித்தையில் அது விமானிக்கு நிறையவே விட்டுக்கொடுக்கும். இதையெல்லாம் மனிதர் கண்டுபிடித்தார் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. உடவத்தகலைக் காட்டில் மகோகனிக் காய் வெடிக்கும்போது, ஒற்றைச் சிறகு விதைகள் சுழன்று சுழன்று இறங்குவதும் இதே கணக்கில்தான். ஒரு வித்தியாசம்: விதைக்குக் கடைசி ஒரு மீற்றரைப் பற்றிய கவலை இல்லை.

ரசிகன் கண் வைக்க வேண்டியது அந்த ஒரு மீற்றரில். அதற்குச் சற்று முன்னே மூக்கை நிமிர்த்தி, முன்னோக்கிய வேகத்தை ரோட்டருக்கு ஊட்டுவார்கள். வேகம் கரையும், பிளேட்களின் ஓசை ஒரு படி ஏறும். நல்ல கை என்பதைக் கண்ணைவிடக் காது முந்திக் கண்டுகொள்ளும் இடம் அது. பிறகு உடலை மட்டப்படுத்தி, கலெக்டிவை ஏற்றிச் சேமித்ததையெல்லாம் செலவழிக்க வேண்டும். சுழற்சியில் தங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 2000 சுற்றிலிருந்து 1400க்கு இறங்கினாலே கையிருப்பில் பாதி போய்விட்டது. அவசரப்பட்டவர் தலை உயரத்திலேயே முழுவதையும் கொட்டிவிடுவார். ஹெலி அங்கே அழகாக ஒரு கணம் நிற்கும், பிறகு தொப்பென்று விழும். பிந்தியவருக்குச் சறுக்குக்கால் உடையும். வாலையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் வால் விசிறியும் பிரதான ரோட்டரிடமிருந்தே சக்தியை வாங்குகிறது. தேவையில்லாமல் வாலை ஆட்டுபவர் கையிருப்பைத்தான் கரைக்கிறார்.

கண்டியில் இதைப் பழகுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம் என்பதால், கொழும்புக் கடற்கரையைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு. கேட்கச் சிறிதுதான், கடைசி மீற்றரில் அது தெரியும். சமதரை அபூர்வம். ஹந்தானைச் சரிவுகளில் மோதித் திரும்பும் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து இறங்குவதுதான் இந்தக் கலையின் பாதி. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் ஆனால் இடிமழை. மகாவலிப் பள்ளத்தாக்கில் பனி விலகி, வெயில் ஏறிக் காற்றைக் கிளப்புவதற்கு முந்திய காலைப்பொழுதுதான் தோது. இடமும் யோசித்துத் தேர்ந்தாக வேண்டும்: 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளை அடுத்து ஆளில்லா வானூர்திகள் அத்தனையையும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை சில காலம் நிறுத்தி வைத்த நாடு இது. தலதா மாளிகைப் பக்கம் ரிமோட்டோடு போய் நிற்க யாருக்கும் புத்தி வராது.

மழைநாட்களுக்குக் கணினி சிமுலேட்டர் இருக்கிறது. கட்டைவிரல்களின் வரிசை அதில் படியும். விலையுயர்ந்த சாமான் தரையை நோக்கி வரும்போது வயிற்றில் ஏற்படும் பிசைவு அதில் வராது. ஆகவே திடலில் முழங்கால் உயரத்தில் நிறுத்தி, ஹோல்டைத் தட்டிக் கலெக்டிவை மட்டும் மெல்ல ஏற்றி இருத்தப் பழகுவார்கள். உயரம் அதற்குப் பிறகுதான். நேரே மேலே ஏறி நின்ற இடத்திலேயே விழத் தொடங்குவதைவிட, முன்வேகத்தோடு சாய்வாக வருவதே பழகுபவருக்கு இலகு.

இறங்கியபின் மிஞ்சிய சுழற்சியில் இன்னொரு சாண் எழும்பி, மறுபடி இருத்திக் காட்டுபவர்களும் உண்டு. பகட்டு என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். கையிருப்பில் எவ்வளவு மீதி வைத்திருந்தார் என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட வழியில்லை. பாரமான பிளேட் பூட்டியிருக்கிறாரா என்பதை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுப் பாராட்டுவேன்.