வேதபாடமும் வீட்டு ஜெபமும்: நம் மரபுகள் சில

நம்முடைய வேத தியான மரபுகளைக் குறித்து மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று சங்கத்தின் மூத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் வார்த்தையைத் தட்டுகிற வழக்கம் என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் கிடையாது. இந்த மலரை வாசிக்கப்போகிறவர்கள், தரங்கம்பாடி வழி எது, தஞ்சாவூர் வழி எது, பாளையங்கோட்டை வழி எது, எந்த வீட்டில் யாருடைய மொழிபெயர்ப்பு வாசிக்கப்பட்டது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாய் அறிந்தவர்கள். ஆகையால் அவற்றை அரிச்சுவடியிலிருந்து தொடங்காமல், அன்றாட வேதவாசிப்புக்கும் ஜெபத்துக்கும் ஒவ்வொரு மரபும் எதை அளவுகோலாய் வைத்தது, அந்த அளவுகோலின்முன் இன்று நாம் எந்த ஸ்திதியில் இருக்கிறோம் என்பதை மாத்திரம் சொல்ல முற்படுகிறேன்.

முத்துக்குளித்துறையில் தொடங்குவதே முறை. 1542-ல் அந்தக் கரைக்கு வந்த சவேரியார் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் தமிழில் சொல்லிக்கொடுத்து, கற்ற பிள்ளைகள் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கும்படி செய்தார் என்பதும், அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சேறியது என்பதும் நாம் அறிந்தவை. அவர்களுடைய அளவுகோல் மனப்பாடம். எழுத்தறியாத மனிதன் நடுக்கடலில் வள்ளத்தில் இருந்தாலும் புத்தகமில்லாமலே தன் ஜெபத்தை முழுதாய்ச் சொல்லக்கூடியவனாய் இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. நாம் வேறு மரபினர். ஆயினும், மாலை விளக்கேற்றியபின் வீட்டார் ஒருமித்துச் செபமாலை சொல்லும் அந்தக் கரையூர்களின் ஒழுங்கிலிருந்து நம் சபையார் கற்றுக்கொள்ள இடமுண்டு என்பதைச் சங்கோஜமின்றிச் சொல்வேன்.

ஹாலே நகரத்துப் பக்திமார்க்கத்தில் ஊறிய சீகன்பால்கு ஐயர் 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பத்து வருஷத்துக்குள்ளாகவே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தபோது அளவுகோல் மாறிற்று. வேதம் அவனவன் கையிலிருக்க, அவனவன் கண்ணால் அதை வாசித்து, வாசித்ததன் வெளிச்சத்தில் அவனவன் தன் இருதயத்தை ஆராயவேண்டும் என்பது அந்த வழி. பப்ரிசியுஸ் ஐயர் ஆயுசின் பெரும்பகுதியைச் செலவிட்டுச் செய்த மொழிபெயர்ப்பைப் 'பொன் மொழிபெயர்ப்பு' என்று சொல்லி, 1871-ல் பவர் ஐயரின் ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்தபின்பும் லுத்தரன் சகோதரர்கள் அதை விடாமல் பற்றிக்கொண்டிருந்ததைப் பிடிவாதம் என்று சிலர் பேசுவதுண்டு. தலைமுறை தலைமுறையாய் உரக்க வாசித்து வாயில் பழகிப்போன வார்த்தைகளை மாற்றிக்கொள்வது எத்தனை கடினம் என்பதை, வீட்டில் தினமும் வேதம் வாசிக்கிறவர்களே அறிவார்கள். ஜெர்மானிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகள் அந்த வாசிப்புக்குத் துணையாயின. சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் உருவான வேதநாயகம் சாஸ்திரியார் நம் ராகங்களையும் தாளங்களையும் எடுத்துக் கீர்த்தனைகளாய்ப் பொழிந்தபின், தஞ்சாவூர் வீடுகளில் தியானமும் சங்கீதமும் பிரிக்கக்கூடாதபடி ஒன்றாயின.

தரங்கம்பாடியை அடுத்து 1760 முதல் தோட்டம் அமைத்து வாழ்ந்த மொரேவிய சகோதரர்களை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். நாளுக்கொரு வசனம் என்னும் வழக்கம் அவர்களுடைய தாய்ச்சபையாகிய ஹெர்ன்ஹூட்டில் பிறந்து, 1731 முதல் வருஷந்தோறும் புத்தகமாய் அச்சாகி வருகிறது. அங்கே சீட்டுப் போட்டு எடுக்கப்படுகிற வசனம் சபை முழுவதற்கும் ஒன்றே. தனக்கு இனிப்பானதை ஒருவன் தெரிந்துகொள்ள அதில் வழியில்லை. பின்னால் சொல்லப்போகிற ஒரு காரியத்துக்காக இதை இங்கே குறித்துவைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனார் கல்வியையும் வேதவாசிப்பையும் ஒரே நூலில் கோத்தது, 1921-ல் ஜேசுதாசனும் பாற்றனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்து நம் நாட்டு முறையில் ஜெபவேளைகளை அமைத்தது, உவாக்கர் ஐயரும் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் தென்னாட்டுச் சபைகளில் அதிகாலைத் தனிஜெபத்தை மூட்டிவிட்டது, இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை. அவற்றை எழுதத் தகுந்தவர்கள் நம் சங்கத்திலேயே இருப்பதால், நான் என் சொந்தப் பள்ளியாகிய திருநெல்வேலிக்குப் போகிறேன்.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் காலத்தில் விழுந்த விதை, 1799-ல் முதலூராய் முளைத்து, 1820-ல் வந்த ரேனியஸ் ஐயரின் காலத்தில் ஊர் ஊராய்ப் பரவியபோது, குருவானவர் வருஷத்தில் சில தடவை மாத்திரமே எட்டிப்பார்க்கக்கூடிய சிற்றூர்களைத் தாங்கினவர்கள் உபதேசியார்கள். மண்சுவரும் ஓலைக்கூரையுமாயிருந்த ஜெபவீட்டில் காலையும் மாலையும் மணியடித்து ஜனங்களைக் கூட்டி வேதம் வாசித்தவர்கள் அவர்கள். பதநீர்க் காலத்தில் பனைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன்னே காலை ஜெபம் முடிந்துவிடும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போடுகிற கையே சற்றுமுன் ஜெபத்தில் குவிந்த கை. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா அத்தியட்சர் இப்படிப்பட்ட ஊர் ஒன்றிலிருந்து புறப்பட்டுப்போய்த்தான் தோர்ணக்கல்லில் எழுத்தறியாத ஜனங்களுக்குள்ளே சபையைக் கட்டினார்.

எங்கள் ஊர் உபதேசியார் ஐயா அவர்களே எனக்கு இவ்விஷயத்தில் குரு. உயர்ந்த படிப்பு அவர்களுக்கில்லை. பிரசங்கத்தில் வல்லவர் என்று யாரும் அவர்களைக் கொண்டாடவுமில்லை. ஆனால் வேதத்தை வாசிக்கிற விஷயத்தில் அவர்களுக்கு நிகரானவரை நான் இன்னும் காணவில்லை. அதிகாரம் முழுவதையும் ஒருதரம் தடையின்றி வாசிப்பார்கள். பின்பு இரண்டாந்தரம் நிறுத்தி வாசித்து, கூட்டத்தில் எல்லாரிலும் சிறிய பிள்ளையைப் பார்த்து, "இதை யார் சொன்னது? யாரிடம் சொன்னது? எப்போது சொன்னது?" என்று கேட்பார்கள். அந்த மூன்றுக்கும் விடை வந்தாலொழிய வேறே வியாக்கியானத்துக்குள் போகமாட்டார்கள். நாளாகமத்து வம்ச அட்டவணைகளையும் லேவியராகமத்துப் பலிமுறைகளையும் ஒரு பெயர்கூடத் தாண்டாமல் வாசித்தார்கள். ஜெபமோ மிகச் சுருக்கம்; அன்று வாசித்த அதிகாரத்தின் சொற்களையே கொண்டு ஜெபிப்பார்கள்; பக்கத்து வீட்டுக்காரனுக்காக விண்ணப்பம் பண்ணாமல் தன் வீட்டுக்காக யாரும் வாய்திறக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த ஒழுங்கு.

பழைய ஜெபப்புத்தகத்தில் நூற்றைம்பது சங்கீதங்களும் மாதத்தின் முப்பது நாட்களுக்கும் காலை மாலையாய் அறுபது பகுதிகளாய்ப் பிரிக்கப்பட்டிருப்பது அங்கத்தினர்களுக்குத் தெரியும். மூன்றாந்தேதிக் காலையில் பதினைந்தாம் சங்கீதம் வரும். கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத்தக்கவன் யார் என்று கேட்டு, தனக்கு நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் தவறாதவன், பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்று விடை சொல்லுகிற சங்கீதம் அது. எங்கள் ஊரில் வட்டிக்குக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். ஜெபத்துக்குத் தவறாமல் வருகிறவர். ஒரு மூன்றாந்தேதிக் காலையில் ஜெபம் முடிந்ததும், "என்னைக் குத்திக்காட்டத்தானே ஐயா இதை வாசித்தீர்?" என்று சபையார் முன்பாகவே கோபமாய்க் கேட்டுவிட்டார். உபதேசியார் ஐயா மறுமொழி ஒன்றும் சொல்லாமல் ஜெபப்புத்தகத்தைத் திருப்பி, சங்கீதத்தின் மேலே அச்சிட்டிருந்த நாளையும் வேளையையும் விரலால் தொட்டுக் காட்டினார்கள். பெரியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். வட்டித் தொழிலை அவர் விட்டுவிட்டார் என்று நான் சொல்லவரவில்லை, விடவில்லை. ஆனால் எங்கள் எதிர்வீட்டு விதவைத் தாயாரின் வெண்கலக் கும்பா, அசலை மாத்திரம் பெற்றுக்கொண்டு, அந்த வாரத்தில் அவர் கையாலேயே வீடு திரும்பிற்று.

நம் மரபின் ஜீவநாடி இந்த வரிசை வாசிப்புதான் என்று நான் உறுதியாய் நம்புகிறேன். வாசிக்கிறவர் தெரிந்தெடுக்காதபடியால், கேட்கிறவர் அவர்மேல் குறைசொல்ல இடமில்லை. கேட்கிறவரும் தெரிந்தெடுக்காதபடியால், தனக்குச் சங்கடமானதைக் கேளாமல் தப்பிக்கொள்ள வழியில்லை. மனிதர் விருப்பு வெறுப்புக்கு வெளியே நின்று, அந்தந்த நாளில் வந்து சேருகிற வார்த்தையை அந்தந்த நாளின் கொடுக்கல் வாங்கலுக்குள்ளும் கோபதாபங்களுக்குள்ளும் எடுத்துக்கொண்டுபோவதையே நம் பெரியோர் தியானம் என்றார்கள். 1879-ல் இங்கிலாந்தில் தொடங்கி நம் நாட்டுக்கும் வந்த ஸ்கிரிப்ச்சர் யூனியன் வாசிப்பு அட்டைகளும், பகுதி சிறிதானாலும், இந்த வரிசையைக் கெடுக்கவில்லை. அதனாலேயே நம் மூத்தவர்கள் அவற்றை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவதை எவரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இக்காலத்துப் போதகர்களிலும் ஊழியக்காரரிலும் ஊக்கமும் கண்ணீருமுள்ளவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய பிரயாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் புதுவருஷ இராத்திரி ஆராதனையில் கொடுக்கப்படுகிற வாக்குத்தத்த அட்டை நம் வீடுகளில் செய்திருக்கிற காரியத்தைப் பேசாமல் இருப்பது, எனக்குக் கற்பித்தவர்களுக்குத் துரோகமாகும். ஒருவருக்கு ஒரு வசனம். அதுவும் ஆசீர்வாதமான வசனம். கண்டித்துப் பேசுகிற வசனம் வந்த அட்டையை நீங்கள் யாராவது கண்டதுண்டா? துவக்கம் சிறிதாயிருந்தாலும் முடிவு நிறைவாயிருக்கும் என்ற கருத்துள்ள யோபு எட்டாம் அதிகாரத்து ஏழாம் வசனம் இன்று கடைத்திறப்பு அழைப்பிதழிலும் புதுவீட்டு நிலைவாசலிலும் நாட்காட்டியிலும் இருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டால் பதில் சொல்லுகிறவர் இல்லை. சொன்னவன் சூகியனான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபினிடத்தில், உன் பிள்ளைகள் தங்கள் பாவத்தினால் செத்தார்கள் என்ற தோரணையில் பேசி, அதன் தொடர்ச்சியாய் அவன் சொன்னது அது. அவனும் அவன் தோழரும் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கர்த்தரே கடிந்துகொள்ளுகிறார். எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்துச் சமாதான நினைவுகளைச் சட்டம்போட்டு மாட்டுகிறவர்கள், அதற்கு முந்தின வசனத்திலேயே சிறையிருப்பு எழுபது வருஷம் என்று சொல்லியிருப்பதையும், அதுவரைக்கும் அந்நிய பட்டணத்தில் வீடுகட்டித் தோட்டம் போட்டு, அந்தப் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணவேண்டும் என்று எழுதியிருப்பதையும் வாசிப்பதில்லை.

இது சிறிய காரியம் என்று சொல்லுவார்கள். சிறிய காரியமல்ல. அட்டை வந்தபின் அதிகாரம் போயிற்று. அதிகாரம் போனபின் வேதபுத்தகம் கைபேசிக்குள் போயிற்று. உரக்க வாசிப்பது நின்றபடியால் பிள்ளைகளின் தமிழ் உச்சரிப்பும் போயிற்று. நெபுகாத்நேச்சார் என்ற பெயரைத் தடுமாறாமல் வாசிக்கிற பிள்ளை ஒரு சேகரத்தில் எத்தனை பேர்? பக்கத்து வீட்டானுக்காக ஜெபிக்கிற ஒழுங்கு போய், என் ஆசீர்வாதம், என் வேலை, என் விசா என்று விண்ணப்பம் குறுகிற்று. சபைகளில் வழக்கும் வம்பும் மலிந்து, சகோதரர் சகோதரர்மேல் நீதிமன்றம் ஏறுவதற்கும் மூலம் வேறெங்குமில்லை என்பேன்: மூன்றாந்தேதிக் காலைச் சங்கீதத்தை மாதந்தோறும் நின்று கேட்டவர்கள் அத்தனை எளிதாய் வக்கீல் வீட்டுப் படியேறியிருக்கமாட்டார்கள். மொரேவிய சகோதரருடைய வசனத்தைச் சிலர் இந்த அட்டைக்கு முன்மாதிரியாய்ச் சொல்லுகிறார்கள். அவர்களுடைய வசனம் சபை முழுவதையும் ஒரே வார்த்தையின்கீழ் நிறுத்திற்று. நம்முடைய அட்டையோ ஒரே வீட்டுக்குள் நாலு பேருக்கு நாலு வசனத்தைக் கொடுத்து, உனக்கு என்ன வந்தது, எனக்கு இதுதான் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுகிறது. இந்த ஒரு வழக்கத்தை நிறுத்தினால் நம் வீடுகளின் ஜெபநேரம் ஒரு தலைமுறைக்குள் தலைநிமிரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சங்கத்தின் மூத்தவர்கள் வருகிற வருஷத்து நாட்குறிப்பில் தனி வசனங்களுக்குப் பதிலாய், காலைக்கு ஓர் அதிகாரமும் மாலைக்கு ஓர் அதிகாரமும் சங்கீதப் பகுதியும் குறித்த அட்டவணையை அச்சிட யோசித்திருப்பதாய் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். அவ்வட்டவணையில் லேவியராகமத்தையும் நாளாகமத்து முதல் ஒன்பது அதிகாரங்களையும் சுருக்காமல் சேர்க்கும்படி பணிவாய்க் கேட்டுக்கொள்கிறேன். பழைய உபதேசியார்கள் பயன்படுத்தின ஜெபப்புத்தகங்கள், ஓரத்தில் அவர்கள் பென்சிலால் தேதி குறித்த வேதபுத்தகங்கள் அங்கத்தினர் வீட்டுப் பெட்டிகளில் இருக்குமானால், கரையான் அரிக்குமுன் அவற்றைச் சங்கத்து நூலகத்துக்குக் கொடுத்துதவ வேண்டும். முழுப் புத்தகம் கிடைக்காவிட்டாலும், தேதிக் குறிப்புள்ள சில தாள்கள் கிடைத்தாலும் போதும். எந்த ஊரில் எந்த வரிசையில் வாசித்தார்கள் என்பதை ஒப்பிட்டு, அட்டவணையை அச்சுக்குக் கொடுக்குமுன் சரிபார்க்கும் வேலையை நானே செய்து தருகிறேன்.